மஞ்சள் கோடு போட்ட கிட்டார்

அத்தியாயம் ஒன்பது

கிட்டார் கற்றுக்கொள்வதைப் புருஷனிடம் சொல்லிவிட்டால் என்ன, அது என்ன கொலைக் குற்றமா என்று கேட்டு மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். மூவரும் ஆண்கள். பெண்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். பிள்ளைப்பாக்கத்து அம்சவல்லிக்கு நாற்பத்தேழு வயது. மாடி அறையில் வாடகைக்கு இருந்த பையன் வேலை மாறி ஓசூருக்குப் போகும்போது, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தன் கிட்டாரை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் அது பீரோவுக்குப் பக்கத்தில் சும்மா சாய்ந்து கிடந்தது. எட்டாம் நாள் தூசி தட்டும்போது அம்சவல்லி ஒரு கம்பியைச் சுண்டிவிட்டாள். வந்தது வினை.

நான்கு மாதமாக ஸ்ரீபெரும்புதூரில் சீட் கவர் கடை மாடியில் மாசானம் என்கிற பையனிடம் படிக்கிறாள். கூடப் படிப்பவர்கள் எல்லோருக்கும் ஒன்பது, பத்து வயது. அவர்கள் இவளை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறார்கள், கம்பி மாற்றத் தெரியாவிட்டால் சிரிக்கிறார்கள். மகள் தென்றலுக்கு விஷயம் தெரியும். புருஷன் தணிகாசலத்திடம் மட்டும் எம்பிராய்டரி வகுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

தணிகாசலம் கெட்டவர் இல்லை. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கை சுத்தமான மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அம்சவல்லி பாதியில் விட்டவை என்று அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. தையல் வகுப்பு, ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த ஜாக்கெட்டோடு நின்றது. இந்திப் பரீட்சை, முதல் தாளோடு நின்றது. டூவீலர் லைசென்ஸுக்குப் போனவள் எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டாள். "எட்டு போடப் போனா, நாலோட திரும்பி வந்துட்டா" என்று ஒரு வளைகாப்பில் அவர் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டியைத் தொட்டதே இல்லை.

அதனால்தான் சொல்லவில்லை. ஒன்றை, ஒரே ஒன்றையாவது, முழுசாக முடித்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை தண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாசானத்தின் மாணவர்கள் மேடையேறுகிறார்கள். அதற்கான தேர்வு இந்த வியாழக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு. ரெண்டாம் நம்பர் பாட்டை ஒருமுறை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். நிறுத்தினால் மேடை கிடையாது.

அந்த வியாழக்கிழமை இன்று.

தணிகாசலத்துக்கு இந்த வாரம் சி ஷிப்டு, ராத்திரி வேலை. சி ஷிப்டு வாரத்தில் அந்த வீட்டுக்குப் பகல் என்பதே கிடையாது. காலை எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நான்கு இட்லி தின்றுவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால் சாயந்தரம் வரை தூக்கம். காலிங் பெல் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். குக்கர் அடுப்பில் ஏறாது. மீன் விற்கிறவர் கூட அந்த வீட்டைத் தாண்டும் வரை வாயைத் திறக்கமாட்டார்.

இந்த வீட்டில் கிட்டார் எப்படிப் பழகுவது? அம்சவல்லி வழி கண்டுபிடித்திருந்தாள். காலியாகக் கிடந்த மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பனியன் துணியை மடித்துக் கம்பிகளுக்கு அடியில் திணித்துவிடுவாள். அடித்தால் 'டொப் டொப்' என்று மட்டும் கேட்கும். மற்ற ஷிப்டு வாரத்திலும் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று அதே துணிதான். ரெண்டாம் நம்பர் பாட்டை அவள் ஐந்நூறு தடவையாவது தன் வீட்டில் வாசித்திருப்பாள். ஒருமுறை கூடக் காதால் கேட்டதில்லை. வகுப்பிலும் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் அவள் கம்பி தனியாகக் கேட்காது.

பாட்டில் மொத்தம் நாலு கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற நாலு விரல் பிடி. சி, ஏ மைனர், ஜி மூன்றும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கின்றன. எஃப் மட்டும் நாத்தனார். ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து இரண்டு கம்பியை அமுக்க வேண்டும், மற்ற இரண்டு விரல்களும் அவரவர் இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று சரியாக உட்கார்ந்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும்.

ஆனால் இன்று காலை இருபது தடவை போட்டுப் பார்த்ததில் பதினேழு தடவை எஃப் ஒழுங்காக விழுந்தது. அம்சவல்லிக்குத் தன்னையே நம்ப முடியவில்லை. 

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு கோமதியம்மாள் மாடிப்படியில் நின்று ரகசியக் குரலில் கூப்பிட்டாள். ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறதாம், கைரேகை மிஷினும் வேலை செய்கிறதாம். இரண்டும் ஒரே நாளில் அமைவது பெரிய விஷயம். அம்சவல்லி கிட்டாரைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே போனால் மிஷின் அவள் விரலை ஏற்க மறுத்தது. வழக்கமாக வைக்கும் இடது கை ஆள்காட்டி விரல்தான். நாலு மாதம் கம்பியை அமுக்கி அமுக்கி நுனி காய்த்துப் போயிருந்தது. துடைத்துத் துடைத்து வைத்தாள். 'பொருந்தவில்லை' என்றே வந்தது. வூட்டு வேலை ரொம்ப செய்யறியா என்று கடைக்காரர் பரிதாபமாகக் கேட்டார். கட்டை விரல், வலது கை என்று ஒவ்வொன்றாக வைத்து முடித்து அவள் பாமாயிலோடு வெளியே வர மணி ஒன்றரை ஆகிவிட்டது.

இந்த இரண்டரை மணி நேரத்தில் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என் வயிற்றில் தங்காது.

தணிகாசலம் தூங்கவில்லை.

சரியாகச் சொன்னால், மூன்று வாரத்துக்கு முந்தைய சி ஷிப்டு வாரத்திலேயே அவர் தூக்கம் போய்விட்டது. மாடியில் 'டொப் டொப்' என்று கேட்க, பெருச்சாளி என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஏறினார். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் பெண்டாட்டி. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று முணுமுணுத்துக்கொண்டு, கிட்டாரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள்.

அவர் வாயில் ஒரு நல்ல கிண்டல் வந்து நின்றது. வளைகாப்பில் சொன்னதைவிட நல்ல கிண்டல். அப்போதுதான் கீழே வாசல் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த ஸ்கூட்டியின் ஞாபகம் வந்தது. அந்த வண்டி ஏன் நின்றது என்று இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டார். மனசு மட்டும் ரொம்ப நேரம் இறங்கவில்லை.

வாயால் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முடிவு செய்தார். வாயைவிட அவருக்குக் கை நல்ல கை. கையால் ஏதாவது செய்யலாம் என்று காத்திருந்தார். இன்று அம்சவல்லி ரேஷன் கடைக்குப் போனதும், டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

கட்டிலில் கிட்டார், பக்கத்தில் நோட்டுப் புத்தகம். 'வியாழன் 5 மணி செலக்ஷன், நிறுத்தக் கூடாது, ஞாயிறு தண்டலம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. தணிகாசலம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு இன்ஸ்பெக்ஷனை ஆரம்பித்தார்.

அவர் கம்பெனியில் மிஷின் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அரை விரல் அளவு அமுங்கினால் சரி. பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற பெல்ட் எல்லாம் ஒரே மாதிரி அமுங்க வேண்டும். கிட்டார் கம்பி ஆறையும் அதே போல அமுக்கிப் பார்த்தார். ஒன்று இறுக்கமாக இருக்கிறது, ஒன்று தளர்ந்து கிடக்கிறது. இப்படி ஒரு மிஷினை ஓடவிட்டால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார். பாவம் அம்சா, இந்தக் கோளாறோடுதான் இத்தனை நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே டூல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

ஆறையும் ஒரே இழுவைக்குக் கொண்டுவந்தார். அதில் மெல்லிய கம்பி 'டிங்' என்று அறுந்து மூக்கில் அடித்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து, அதிலிருந்து ஒரு இழையை உருவி, அந்த இடத்தில் மாட்டினார். தலைப்பக்கத்துத் திருகுகள் லேசாக ஆடின. ஆடக்கூடாது. ஒவ்வொன்றின் முனையிலும் இருந்த குட்டி ஸ்க்ரூவை, இனி யாராலும் அசைக்க முடியாதபடி முடுக்கினார். துரு பிடிக்காமல் இருக்கக் கம்பி முழுவதும் ஆயில் ஸ்ப்ரே அடித்தார்.

கடைசியாக, முடுக்கிய ஆறு ஸ்க்ரூமீதும் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் ஒவ்வொரு கோடு போட்டார். இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். கோடு போட்டால் சரி பார்த்தாயிற்று என்று அர்த்தம். போட்டவரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அவர் வீட்டில் சீலிங் ஃபேன், கிரைண்டர், கேஸ் ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு.

பழைய இடத்திலேயே கிட்டாரை வைத்துவிட்டு வந்து படுத்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பாமாயிலை வைத்துவிட்டு அம்சவல்லி சோறு வடித்துக் குழம்பு வைப்பதற்குள் மணி மூன்றரை. தென்றல் ஃபோன் கம்பெனியில் ஏ ஷிப்டு முடித்து வந்து சேர்ந்தாள். அம்சவல்லி மாடி அறையின் அரை இருட்டில் கிட்டாரை உறைக்குள் நுழைத்து ஜிப்பை இழுத்தாள். விரலில் என்னவோ வழுவழுப்பாகப் பட்டது. பாமாயில் பாக்கெட் ஒழுகியிருக்கும் என்று புடவையில் துடைத்துக்கொண்டு, மகளின் வண்டியில் பின்னால் ஏறினாள்.

சீட் கவர் கடை மாடியில் பிள்ளைகள் எல்லோரும் வாசித்து முடித்திருந்தார்கள். ஜோதி என்கிற ஒன்பது வயதுப் பெண் மட்டும் மூலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டாளாம், மாசானம் மேடை இல்லை என்று சொல்லிவிட்டான். அம்பாசமுத்திரத்துப் பையன், தானும் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன், ரூல் என்றால் ரூல்.

அம்சவல்லி ஜிப்பைத் திறந்தாள். ஆறு மஞ்சள் கோடு அவளைப் பார்த்தது.

அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் கேஸ் பற்ற வைக்கும்போது பார்க்கிற கோடு. ஐயோ தெரிந்துவிட்டது என்று முதலில் ஜிப்பைத் திரும்ப மூடப் போனாள். அடுத்த நொடி, இந்த மனுஷன் பெயிண்ட் வரைக்கும் போயிருக்கிறார், ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லையே என்று தோன்றியது. அதற்குமேல் யோசிக்க விடாமல் தென்றல் முதுகில் இடித்தாள்.

மாசானம் ட்யூன் பண்ணக் கிட்டாரை வாங்கினான். திருகில் கை வைக்கப் போனவன் கோட்டைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"யக்கா, இது யாரு மார்க் போட்டது? மார்க் போட்டதுல நான் கை வைக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க."

இது உன் கம்பெனி இல்லை, கிட்டார் என்று தென்றல் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அவன் வெட்கப்பட்டுக்கொண்டு திருகிப் பார்த்தான். அசையவில்லை. கீழே சீட் கவர் கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்தான், அதற்கும் அசையவில்லை. கிளட்ச் இழையைச் சுண்டிப் பார்த்தபோது வந்த சத்தத்தில் ஜோதி அழுகையை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் பிள்ளைகள் வாசிக்கும் சின்னக் கிட்டார் ஒன்றைக் கொடுத்தான். அதில் விரல் வைக்கும் கட்டங்கள் எல்லாம் நெருக்கி நெருக்கி இருந்தன. விரலில் இன்னும் ஆயில் பிசுபிசுப்பு. அம்சவல்லி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் சுற்று தாண்டியது. இரண்டாவது சுற்றும் தாண்டியது. துணி திணிக்காத கம்பியில் தன் கையிலிருந்து பாட்டு வருவதைக் கேட்டு அவளுக்கே புல்லரித்தது. மூன்றாவது சுற்றில் எஃப் வந்தது. ஆள்காட்டி விரல் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த கட்டத்தில் விழுந்தது.

நின்றுவிட்டாள்.

மாசானத்துக்கு முகம் சின்னதாகிவிட்டது. நீங்க பெரியவங்க, சும்மா வந்து மேடைல உக்காந்துக்கிடுங்க, யாரும் கேக்க மாட்டாவ என்று முனகினான். அம்சவல்லி மூலையைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா தம்பி? வுடு."

ஸ்க்ரூவைக் கழற்றப் பார்க்கிறேன் என்று அவன் கிட்டாரை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டான். ஆறு மாதத்தில் இன்னொரு நிகழ்ச்சி வரும், கம்பெனியில் தவறியதைத் திருப்பிச் செய்கிற ரீவொர்க் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றான்.  திரும்பி வரும் வழியில் மண்ணூர் பக்கம் போகிற லாரிகள் உரசுவது போலக் கடந்தும், அம்சவல்லி மெதுவாகப் போ என்று ஒருமுறை கூடச் சொல்லவில்லை. அதில்தான் தென்றல் பயந்துபோனாள். அப்பாவை இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக அவள் கறுவிக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.

வீட்டில் தணிகாசலம் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, தோசைக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எம்பிராய்டரி எப்படிப் போனது என்று கேட்டார். நன்றாகப் போனது என்றாள் அம்சவல்லி. ஒரு தோசை உள்ளே போனது. இரண்டாவது தோசை பாதியில் அவரால் தாங்க முடியவில்லை.

"கம்பிலாம் டைட்டா இருந்துச்சா?"

தென்றல் வாயைத் திறந்தாள். அம்சவல்லி தோசைத் திருப்பியால் மகளின் முழங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"டைட்டா இருந்துச்சுங்க."

அவ்வளவுதான், மனுஷன் கொட்டிவிட்டார். பெருச்சாளி என்று நினைத்து ஏறியது, ஜன்னலில் பார்த்தது, இன்றைக்கு நோட்டைப் படித்தது, ஆறு கம்பிக்கும் இப்போது ஒரே லோடு என்பது, எல்லாவற்றையும் சொன்னார். சாயந்தரம் எழுந்ததும் கூட வேலை செய்கிற தசரதனுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம். கம்பெனிக்கு ஓடுகிற பஸ் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிறது, டிரைவரிடம் பேசியாயிற்று. அவர் லைனில் இருக்கிற அத்தனை பேரும் குடும்பத்தோடு தண்டலம் வருகிறார்கள். நாற்பத்திரண்டு பேர்.

அம்சவல்லி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோசை கருகியது.

"நான் அவங்களாண்ட இன்னா சொன்னேன் தெரியுமா" என்றார் தணிகாசலம். குரல் இறங்கியிருந்தது. "எங்க வூட்டுல அம்சா ஒண்ணு ஆரம்பிச்சா, முடிச்சிட்டாப்பா, வந்து பாருங்கடான்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. வாய மூடிக்கினேன்."

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பாஸ்தானே என்று கேட்டார்.

அம்சவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. வகுப்பில் வராத அழுகை இப்போது வந்தது. கருகிய தோசையின் புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ்ங்க."

அவர் நிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரித்தார். இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் சனிக்கிழமை இன்னொரு தபா ஃபுல் சர்வீஸ் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டதும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"இன்னாம்மா நீ?" என்றாள் தென்றல். "அவரு செஞ்ச வேலையால ஃபெயிலாயிட்டு, அவருகிட்டயே பாஸுன்ற. ஏம்மா பொய் சொன்ன?"

"நடுவுல சனிக்கெழம ஒண்ணு கீது இல்ல?" என்று சொல்லிக்கொண்டே அம்சவல்லி அடுப்பை அணைத்துவிட்டு மாசானத்துக்குப் போன் செய்தாள்.

அவன் எடுத்ததும் சனிக்கிழமை தனக்கு மறுபடியும் தேர்வு வைக்க வேண்டும் என்றாள். சலுகை வேண்டாம், எல்லோருக்கும் உள்ள அதே ரூல், ஜோதிக்கும் சேர்த்து.  அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தேர்வு வைப்பதில் ஒன்றும் இல்லை, ஆனால் மேடையில் எட்டு நாற்காலிக்குத்தான் இடம். இவள் கிளம்பிய பிறகு தண்டலத்துப் பிள்ளை ஒன்றை அதன் அப்பா தாமதமாகக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார், அது நிறுத்தாமல் வாசித்துவிட்டது, மிச்சம் இருந்த கடைசி நாற்காலியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது.

"நாக்காலி போனா போவுது தம்பி. நாப்பத்திரண்டு பேரு வராங்க. நான் நின்னுக்கினே வாசிக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் தென்றல் கேட்டாள், நின்றுகொண்டு வாசிக்கத் தெரியுமா என்று. அம்சவல்லி இதுவரை ஒரு தடவை கூட நின்றுகொண்டு வாசித்ததில்லை.